எலி முதலில் கரைந்தது

செப்டம்பர் 4, ஞாயிறு

கடலில் கரைக்கக் கொண்டுபோன பிள்ளையார் அதே வேனில் திரும்பி வந்துவிட்டார்! யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வேனில் நானும்தான் இருந்தேன்.

மண் பிள்ளையார் என்று சொல்லித்தான் எங்கள் குடியிருப்புச் செயலாளர் தனுஷ்கோடி சார் வாங்கி வந்தார். மூன்றடி உயரம், தனியாகக் கையளவு ஒரு எலி. இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு ஐந்து நாள் சுண்டலும் கொழுக்கட்டையுமாக அமர்க்களப்படுத்தினோம். இன்று சாயங்காலம் கடற்கரையில் ஒரு போலீஸ்காரர் வந்து பிள்ளையாரின் தொப்பையில் விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"சார், இது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண் சிலைக்குத்தான் அனுமதி. வண்டியைத் திருப்புங்க" என்றார்.

குரோம்பேட்டை வரும்வரை வேனில் ஒரே சண்டை. உடைக்கலாம் என்றார் ஒருவர். ஐயோ, சாமியை உடைப்பதா! ஏதாவது அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றார் இன்னொருவர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் கரைக்கிறேன் சார். அம்மோனியம் பைகார்பனேட்னு ஒரு உப்பு இருக்கு. பேக்கரியில பிஸ்கட் உப்பறதுக்குப் போடுவாங்க. அதைத் தண்ணியில கரைச்சு பிள்ளையாரை இறக்கினா, பிளாஸ்டர் அப்படியே பொங்கி மாவாயிடும். மேல நிக்கிற தண்ணி தென்னைமரத்துக்கு உரம்."

தனுஷ்கோடி சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பெரிய வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா மரகதம், நீ காலேஜ் லேப்ல பாட்டில் கழுவுறவதானே?"

"ஆமா சார். எது எதுல கரையும்னு கழுவுறவளுக்குத்தான் தெரியும்."

வேனே சிரித்தது. நானும் விடவில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்தில் கரைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "சரி, அடுத்த ஞாயிறு மீட்டிங்ல பேசிக்கலாம்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக ஆயிரம் பெண்களுக்குக் குடுவை எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் செய்த பரிசோதனை எல்லாம் அவரவர் பெயரில் பதிவேட்டில் இருக்கிறது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன எனக்கு, என் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்று வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

செப்டம்பர் 5, திங்கள்

அரை நாள் விடுப்பு. பாரிமுனையில் இருபத்தைந்து கிலோ மூட்டையை வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். "என்னாம்மா இது, பாத்ரூமையே மூட்டை கட்டி எடுத்தாந்துட்டியா?"

பிள்ளையாரின் எடை தெரிந்தால்தானே உப்பின் அளவு தெரியும்? என் வீட்டுக்காரர் ஏழுமலை பிள்ளையாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார். பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தால் பிள்ளையார் பதினெட்டு கிலோ. "எனக்குத்தான்டி தொப்பை ஜாஸ்தி" என்றார். மாநகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் வேறென்ன ஆகும்?

கணக்குப் போட்டேன். பதினெட்டு கிலோ பிளாஸ்டருக்குப் பதினாறரை கிலோ உப்பு போதும். ஆவியாகிப் போவதற்கும் சேர்த்து இருபது. மூன்று தடவை சரிபார்த்தேன்.

பிள்ளையாரை இறக்கும் முன் எலியை ஒரு வாளியில் போட்டுப் பார்த்தேன். ஆஹா! போட்ட கையோடு புஸ்ஸென்று நுரை. மேலெல்லாம் பொடிப்பொடிக் குமிழி. மூன்று மணி நேரத்தில் வாலைக் காணவில்லை, காதைக் காணவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாடி மாடியாக ஏறி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மேல்பக்கம் வெட்டிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளையாரை இறக்கினோம். கழுத்தளவு தண்ணீர். அடிப்பக்கம் பலகை வைத்து அடைத்திருந்ததால் மிதக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்தோம்.

கீழ்வீட்டு அழகம்மை ஆச்சி கைகூப்பிக்கொண்டே சொன்னார்: "மருமகளுக்கு நாள் நெருங்கியாச்சு. அதுக்குள்ள சாமி முறையாப் போய்ச் சேரணும், மரகதம். அரைகுறையா நிக்கக் கூடாது."

மருமகள் உமையாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காரைக்குடிக்குப் பயணம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் இங்கேதான். கையாட்டினேன். அவள் கையாட்டவில்லை.

செப்டம்பர் 6, செவ்வாய்

காலை ஐந்தரைக்கே போய்ப் பார்த்தேன். எலி முழுக்கக் கரைந்துவிட்டது. வாளியடியில் வெள்ளை மாவுதான்.

பிள்ளையார் அப்படியே இருக்கிறார். அங்கங்கே ஒன்றிரண்டு குமிழி. பெரிய உடம்பு, நேரம் எடுக்கும்.

கல்லூரியில் இன்று ஸ்பிரிட் விளக்கு பதினொன்றுக்குத் திரி மாற்றினேன். மாலை வந்தால் இரண்டாம் மாடியில் துணி காய வைக்க முடியவில்லையாம், நாற்றமாம். தொட்டிமேல் தார்ப்பாய் போட்டேன்.

செப்டம்பர் 7, புதன்

கரையவில்லை.

செப்டம்பர் 8, வியாழன்

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. பிள்ளையார் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறார். தொப்பையில் வரைந்த பூணூல்கூட அழியவில்லை!

அலுவலகம் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். "ஐயாவுக்கு நீச்சல்குளம் பிடிச்சுப்போச்சு போல" என்றது ஒரு வாண்டு. எலி போய்விட்டது, இனி ஐயா எதில் ஏறிப் போவார் என்று மூன்றாம் மாடியில் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தனுஷ்கோடி சார் வாக்கிங் போகிற போக்கில் சொன்னார்: "புஸ்தகத்துல படிக்கிறது வேற, புழக்கம் வேற, மரகதம்."

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆச்சி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "இது மருந்துக் கோளாறு இல்லை. இந்தக் கட்டடத்துல யாரோ தெய்வக் குத்தம் பண்ணியிருக்காக. அதான் சாமி அடம்பிடிக்குது. ஞாயித்துக்கிழமை யாருன்னு கேக்காம விடமாட்டேன்."

தொட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எலியும் அதே பிளாஸ்டர், அதே கடை. அதே உப்பு. அதே தண்ணீர். எலி கரைகிறது, இவர் கரையவில்லை. அப்படியென்றால் கோளாறு உப்பில் இல்லை, தண்ணீரில் இல்லை. இவர் மேலேதான் ஏதோ இருக்கிறது! குவளையில் தண்ணீர் மொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதுமேல் ஊற்றினேன். ஒட்டவே இல்லை. சேம்பு இலையில் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது. அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு காதருகே மூக்கை வைத்து மோந்தேன்.

நல்லெண்ணெய்!

அடப்பாவிகளா! யாரோ பிள்ளையாருக்கு எண்ணெய்க்காப்பு போட்டிருக்கிறார்கள். கல் பிள்ளையாருக்குப் போட்டால் அழகு. பிளாஸ்டர் எண்ணெயைக் குடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே எப்படிப் போகும்? தண்ணீர் போகாத இடத்தில் உப்பு போய் என்ன செய்யும்? என் கணக்கு சரி! என் உப்பு சரி! முக்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன். "ஏங்க, நான் தப்புப் பண்ணலைங்க!" என்று படிக்கட்டிலேயே கத்தினேன்.

"சரி, கத்தாதே. கட்டடம் விழுந்துடப் போவுது" என்றார் இவர். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு.

யார் தடவியது என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிறுத்தாவிட்டால் நான் மரகதவல்லி இல்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆச்சி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உமையாளே என்னைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, நேத்து நீங்க படியில கத்தினது கேட்டுச்சு. எண்ணெய்னு சொன்னீங்க. நான்தான்க்கா."

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தபிறகு, அஞ்சு நாளும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை எடுத்துப் போய்த் தலையிலிருந்து பாதம்வரை தடவியிருக்கிறாள். ஊரில் அவள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அப்படித்தான் செய்வார்களாம். முழுசாக ஒரு லிட்டர்!

"இந்தத் தடவையாவது கையில தாங்கன்னு வேண்டிக்கிட்டேன். ஏற்கெனவே ரெண்டு தங்கலைக்கா. ரெண்டு தடவையும் ஆச்சி என்னைத்தான் சொன்னாக. அங்க ஏன் போனே, இதை ஏன் தின்னேன்னு. இப்ப சாமி கரையாததும் என்னாலதான்னு தெரிஞ்சா..."

அழுதுவிட்டாள். யாராக இருந்தாலும் திட்டத்தான் நினைத்திருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைகூட வைத்திருந்தேன். ஆனால் "அழாதேடி, உள்ளே இருக்கிறதுக்குக் கேக்கும்" என்றுதான் வந்தது.

மூன்றாவது மாதம் என்றால் என்ன, ஐந்தாவது மாதம் என்றால் என்ன, எனக்குத் தெரியாததா? சரி. அதை இங்கே எழுத வேண்டாம்.

இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்போ ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறே?"

"அது அப்புறம். முதல்ல அவரைக் கரைக்கணும்."

செப்டம்பர் 10, சனி

அம்மாடி, என்ன நாள் இது! கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதாமல் தூக்கம் வராது.

எண்ணெயை எடுக்க என்ன வேண்டும்? வெந்நீரும் சலவை சோடாவும். ஆனால் சாமியைச் சலவை சோடா போட்டுத் தேய்க்கப் போகிறேன் என்றால் என்னைக் கட்டடத்தை விட்டே துரத்திவிடுவார்கள். எண்ணெய் என்ற பேச்சே வெளியே வரவும் கூடாது. காலையில் பல் துலக்கும்போது பளிச்சென்று தோன்றியது. இன்று சனிக்கிழமை! நேராக ஆச்சியிடம் போனேன்.

"ஆச்சி, சாமி மனசு குளிரணும்னா சனி நீராட்டு செஞ்சு பார்க்கலாம். ஒரு சொட்டு எண்ணெய் வெச்சு, சீயக்காய் தேய்ச்சு, வெந்நீர்ல குளிப்பாட்டி அனுப்புவோம்."

ஆச்சிக்கு முகமெல்லாம் பல். "இத்தனை நாளும் இது ஒருத்தருக்கும் தோணலையே!" தன் வீட்டுச் சீயக்காய்த் தூளையே ஒரு டப்பா நிறைய எடுத்து வந்தார். பூந்திக்கொட்டையையும் ஊற வைத்துக் கொடுத்தார். நான் நான்கு அண்டா வெந்நீர் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கை சலவை சோடாவைக் கலந்தேன். யார் கேட்டாலும் கல்லுப்பு என்று சொல்வதாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இவரும் இன்னும் மூன்று பேரும் பிள்ளையாரைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார்கள். உச்சியில் ஊரறிய ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன். பிறகு பெண்கள் எல்லாரும் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம்! காதுக்குப் பின்னால் ஒருத்தி, தும்பிக்கை மடிப்பில் ஒருத்தி, தொப்பைக்கு மட்டும் இரண்டு பேர். நுரையென்றால் அப்படி ஒரு நுரை. எண்ணெயும் சோடாவும் சேர்ந்தால் சோப்புதானே! வழிந்த தண்ணீர் மஞ்சளாகக் கொழகொழவென்று போவதை நான் மட்டும் பார்த்து உள்ளுக்குள் குதித்தேன். ஆச்சி பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். ஜன்னலில் உமையாள். இன்றைக்கு அவளே முதலில் கையாட்டினாள்.

துடைப்பதற்காகச் சாய்த்தபோது அடிப்பலகையின் ஆணியையும் பிடுங்கிவிட்டேன். உள்ளே காற்று அடைந்திருந்தால் தண்ணீர் எப்படிப் போகும்? அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

காதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உருளவில்லை. பிளாஸ்டர் குடித்தது! தொட்டியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தைச் செய்தித்தாள் விரித்து வழித்தெடுத்தேன். பறந்துபோன அம்மோனியாவுக்கு ஈடாக, மூட்டையில் மீதி இருந்த ஐந்து கிலோவையும் கொட்டினேன். பதினொன்றரை மணிக்கு, கிரீடம் மூழ்கத் தண்ணீர் விட்டு, மறுபடி இறக்கினோம்.

புஸ்ஸ்ஸ்ஸ்!

தொட்டி முழுக்கக் குமிழி. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள், இரண்டாம் மாடியில் விசில். ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனுஷ்கோடி சார் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நகராமல் நின்றார். நான் அழுதேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே அழுதேன். நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

விடியும்போது கிரீடம் இல்லை. பத்து மணிக்குத் தும்பிக்கை விழுந்தது. சாயங்கால மீட்டிங்கின்போது பாதித் தொப்பைதான் மிச்சம். எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள்! இத்தனை வருடத்தில் மீட்டிங்கில் நான் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

தனுஷ்கோடி சார் எழுந்தார். "கரைஞ்சது சந்தோஷம். ஆனா, மூணு நாள்னு சொன்னது ஏன் ஒரு வாரம் ஆச்சு? காரணம் தெரியணும். அடுத்த வருஷம் பக்கத்துக் கட்டடக்காரங்களும் கேக்கிறாங்க."

அவரை முடிக்கவிடாமல் ஆச்சி எழுந்துவிட்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. யாரோ குத்தம் பண்ணியிருக்காக. யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும்."

உமையாள் கடைசி வரிசையில், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

என்னிடம் பதில் இருந்தது. இருக்கிறதிலேயே அழகான பதில். எலியையும் பிள்ளையாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் எண்ணெயில் வந்து நிற்கிற பதில். அந்த அறையில் எல்லாரும் வாயைப் பிளந்திருப்பார்கள். எண்ணெய் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் தடவியது என்பதுதானே.

எழுந்து நின்றேன். "குத்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை ஆச்சி. நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். அஞ்சு கிலோ உப்பு குறைஞ்சுபோச்சு. நேத்து மீதியைக் கொட்டினதை எல்லாரும் பார்த்தீங்களே, அதுக்கப்புறம்தானே கரைஞ்சது?"

யாரோ சிரித்தார்கள். ஆச்சி, "அட, இவ்வளவுதானா! இதுக்கா ஒரு வாரம் என் உசிரை வாங்கினே!" என்று உட்கார்ந்துவிட்டார். தனுஷ்கோடி சார் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்தார்: "திருமதி மரகதவல்லியின் கணக்குப் பிழையால் நான்கு நாள் தாமதம்." கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

"அடுத்த வருஷம் முறையாப் படிச்சவங்க யாரையாவது கேட்டுக்கலாம்" என்றார். தலையாட்டினேன். காது இரண்டும் எரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் இவர் தோசை வார்த்துக் கொடுத்தார். எனக்கு இரண்டு, பிறகு இன்னொன்று.

செப்டம்பர் 12, திங்கள்

கல்லூரி. பியூரெட் குழாய் நாற்பது கழுவினேன். இரண்டு உடைந்தது. என் கையால் உடைந்து ஆறு வருடம் இருக்கும்.

செப்டம்பர் 13, செவ்வாய்

காலையில் பார்த்தால் தொட்டியில் ஒன்றுமே இல்லை! கையை விட்டுத் துழாவினேன். மாவு, நான்கு ஆணி, கொஞ்சம் தேங்காய் நார். அவ்வளவுதான். தெளிந்த தண்ணீரில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து தென்னைக்கு ஊற்றினேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு உமையாளுக்கு வலி கண்டுவிட்டது. காரில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள் பார், விரல் இன்னும் வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 14, புதன்

பெண்! இரண்டு கிலோ எண்ணூறு கிராம்! விடியற்காலை நான்கு ஐம்பதுக்கு! ஆச்சி படியேறி வந்து, மூச்சு வாங்க வாங்க, என் வாயில் சர்க்கரையைத் திணித்துவிட்டுப் போனார். கல்லூரிக்குப் போய் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யார் குழந்தை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

மனசு நிறைந்திருக்கிற இந்த நேரத்தில் ஒரு காரியத்தை முடித்துவிடுகிறேன். நடவடிக்கைப் புத்தகத்தில் இருப்பது பொய். பரிசோதனையில் பொய் எழுதக் கூடாது என்று ஆயிரம் பெண்களுக்குச் சொல்லக் கேட்டவள் நான்.

நோக்கம்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரைக் கரைத்தல்.

எடை: பதினெட்டு கிலோ. உப்பு: இருபது கிலோ; ஆவியானதற்கு ஈடாகப் பிறகு ஐந்து. கணக்கு சரி.

கண்டது: எண்ணெய் படாத எலி ஒரே இரவில் கரைந்தது. எண்ணெய் குடித்த பிள்ளையார் ஐந்து நாளும் கரையவில்லை. சலவை சோடா, சீயக்காய், வெந்நீர் கொண்டு எண்ணெயை நீக்கி, அடிப்பலகையைக் கழற்றி இறக்கியதும் மூன்று நாளில் முழுவதும் கரைந்தார்.

எண்ணெய் தடவியவர்: எழுதத் தேவையில்லை.

முடிவு: சொன்னபடி எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கரைந்தது.

செய்தவர்: ஏ. மரகதவல்லி.

எழுதிவிட்டுப் பழக்கத்தில் அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடும் போட்டுவிட்டேன். பேராசிரியர் கையெழுத்துப் போடுகிற இடம் அது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார். "எடை மெஷின்ல ஏறினது நான்தானே? பதினெட்டு கிலோ சரிதான்" என்றார்.

என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தக் கோட்டின்மேல், பேருந்து டிரிப் ஷீட்டில் போடுகிற அதே கோணல் எழுத்தில், கையெழுத்துப் போட்டார்: வே. ஏழுமலை, ஓட்டுநர்.